இல்லாத மனுஷனைத் திட்டிய வழக்கு

மதிப்பிற்குரிய பெரிய அண்ணி அவர்களுக்கு,

தங்கள் தம்பியின் மனைவி பணிவோடு எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலியும், அண்ணனின் மூச்சிரைப்பும் இந்தக் கடிதம் கைக்குக் கிடைக்கும்போது குறைந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இங்கு நான் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் போலீஸ் வந்துவிட்டுப் போன வீட்டில் உட்கார்ந்துகொண்டு அப்படி எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நான் அதிகம் படிக்காதவள் என்பது தங்களுக்குத் தெரியும். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தத் தெரியாது, பேச்சிலும் சரி எழுத்திலும் சரி. பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம்ம பையன் இதுக்குள்ள உங்களுக்கு போன் பண்ணியிருப்பான். "அத்தை, அம்மாவுக்குப் புத்தி சரியில்ல, செத்துப்போன அப்பாவைத் தினம் திட்டிக்கிட்டு இருக்காங்க, போலீஸ் வந்துடுச்சு"ன்னு சொல்லியிருப்பான். அவன் சொன்னதுல போலீஸ் வந்தது நிஜம். திட்டினதும் நிஜம். புத்தி விஷயம் மட்டும் தப்பு. வர்ற ஞாயித்துக்கிழமை அவன் வக்கீலைக் கூட்டிக்கிட்டு வர்றானாம் அண்ணி. ஏதோ அதிகாரப் பத்திரமாம். அதுல நான் ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் எதுலயுமே நான் கையெழுத்துப் போட வேண்டாமாம், எல்லாத்தையும் அவனே பாத்துப்பானாம். இந்த வீட்டை வித்துட்டு என்னைப் பெரியவங்க இல்லத்துல சேக்கறதா ஏற்பாடு. வழுக்காத தரை இருக்கு, சுவரெல்லாம் பிடிச்சுக்கக் கம்பி இருக்கு, கூப்பிட்டா நர்ஸ் வருவாங்கன்னு சொன்னான். பேச ஆள் இருக்கான்னு கேட்டேன். டிவி இருக்குன்னு சொன்னான். அவன் கெட்டவன் இல்ல, பயந்தவன். சின்ன வயசுலயே பல்லி வந்தா பல்லியைக் கொல்ல மாட்டான், வீட்டை மாத்தலாம்பான். அவன் உங்க பேச்சு ஒண்ணைத்தான் கேப்பான். அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

இது எல்லாத்துக்கும் ஆரம்பம் போலீஸ்தான். உங்க தம்பி போனதுக்கு அப்புறம், எங்க குடியிருப்புக்குக் கீழ இருக்கிற கூடத்துல, தனியா இருக்கிற பெரியவங்க எப்படிப் பத்திரமா இருக்கணும்னு ஒரு கூட்டம் போட்டாங்க. சின்ன வயசு போலீஸ்காரத் தம்பி ஒருத்தர் மைக் பிடிச்சுப் பேசினார். நல்ல பிள்ளை. "அம்மாமாரே, தனியா இருக்கீங்கன்னு வெளியில யாருக்கும் தெரியக்கூடாது. வாசல்ல ஆம்பளைச் செருப்பு ஒரு ஜோடி போட்டு வைங்க. அதுவும் ஒரே இடத்துல கிடந்தா திருடன் கண்டுபிடிச்சுடுவான், தினம் இடம் மாத்தி வைங்க. யாராவது கதவைத் தட்டினா உள்ள பாத்து, ஏங்க யாரோ வந்திருக்காங்கன்னு ஒரு குரல் குடுங்க. போன்ல பேங்க் நம்பர் கேட்டா, வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்றேன்னு சொல்லுங்க"ன்னார். மத்தவங்க எல்லாம் குடுத்த பிஸ்கட்டைத் தின்னுட்டு மறந்துட்டாங்க. நான் ஒருத்திதான் அண்ணி அட்சரம் பிசகாம செஞ்சேன். அதுதான் நான் செஞ்ச தப்பு.

உங்க தம்பி செருப்பைத் தூக்கிப் போடாம வெச்சிருந்தேன். எடுத்து வாசல்ல வெச்சேன். வெச்சுட்டு நின்னு பாத்தா என்னமோ சரியா இல்ல. ரெண்டும் ஜோடியா, ஒழுங்கா, கடையில வெச்ச மாதிரி இருக்கு. உங்க தம்பி என்னைக்கு அப்படிக் கழட்டினார்? ஒண்ணு நேரா கிடக்கும், ஒண்ணு குப்புறக் கிடக்கும், அதுவும் நான் கால் வைக்கிற இடமாப் பாத்துக் கிடக்கும். எந்தத் திருடனும் நம்பமாட்டான். அதனால ஒண்ணைக் குப்புறத் தள்ளினேன். தள்ளினதும் எனக்கே கோவம் வந்துடுச்சு. "எத்தனை தடவை சொல்றது, செருப்பை ஒழுங்கா விடத் தெரியாதா"ன்னு கத்திட்டேன். கத்தினதும் பாருங்க அண்ணி, வீடு வீடு மாதிரி இருந்துச்சு. அவருக்குக் காது மந்தம்னு உங்களுக்குத் தெரியும். எனக்கு மெதுவாப் பேசி எந்தக் காலத்துல பழக்கம்? தெருமுனை வரைக்கும் கேக்குற குரல்லதான் நாங்க குடும்பம் நடத்தினோம். சும்மா ஏங்க, ஏங்கன்னு கூப்பிட்டா யார் நம்புவா? எங்க வீட்ல ஆள் இருக்குன்னா திட்டு இருக்கணும். அதனால காலையில "மாத்திரையைப் போட்டீங்களா இல்லையா, ஒவ்வொரு நாளும் நான் கத்தணுமா"ன்னு ஒண்ணு. மத்தியானம் "சாப்பாடு வேணும்னா வாயைத் திறந்து சொல்லுங்க, இல்லன்னா பட்டினி கிடங்க"ன்னு ஒண்ணு. விளக்கு வைக்கிற நேரத்துல மறுபடி மாத்திரை. இப்படியே ஓடுச்சு. சொன்னா சிரிப்பீங்க, நடுவுல ஒரு மோசடிக்காரன் போன் பண்ணி பேங்க் நம்பர் கேட்டான். போலீஸ் தம்பி சொன்னபடியே, "இருப்பா, வீட்டுக்காரர்கிட்ட குடுக்கறேன்"னு போனை உங்க தம்பி நாற்காலியோட கைப்பிடி மேல வெச்சுட்டு நான் துணி மடிக்கப் போயிட்டேன். அவன் சார், சார்னு கெஞ்சினான், மிரட்டினான், கடைசியில "என்ன மனுஷன்யா நீ"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். உங்க தம்பி உயிரோட இருந்தப்பவும் எல்லாரையும் இப்படித்தான் ஜெயிச்சார்.

இப்போ பக்கத்து வீட்டுக்காரரைப் பத்திச் சொல்லணும். உங்க தம்பி போன பிறகு குடிவந்தவர். ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்து ஓய்வு வாங்கினவர், அவரும் தனி ஆள்தான். இங்க எல்லாரும் டிக்கெட்காரர்னுதான் சொல்வாங்க. என் கூடத்துக்கும் அவர் படுக்கை அறைக்கும் நடுவுல ஒரே சுவர். மாடிப்படியில பாத்தா தலையை ஆட்டுவார், அவ்வளவுதான் பழக்கம். அவர்கிட்டயும் நான் தனியா இருக்கேன்னு சொல்லல. யாருக்கும் தெரியக்கூடாதுன்னுதானே போலீஸ் சொல்லியிருக்கு. அவர் என்ன பண்ணினார்னா, முதியோர் பாதுகாப்பு அலுவலகத்துக்குப் புகார் எழுதிப் போட்டுட்டார். பக்கத்து வீட்டில் வயதான ஆண் ஒருவர் மனைவியால் தினசரி மூன்று வேளையும் கொடுமைப்படுத்தப்படுகிறார், உணவு மறுக்கப்படுகிறது, அவர் எதிர்த்து ஒரு வார்த்தை கூடப் பேசுவதில்லை, அந்த அளவுக்குப் பயந்துபோயிருக்கிறார், அப்படின்னு.

விசாரிக்க ஒரு ஆபீசர் அம்மா வந்தாங்க. தோள்ல பை, கையில அட்டை. கதவைத் திறந்து, "வாங்க"ன்னு நான் சொல்றதுக்குள்ள குப்புறக் கிடந்த செருப்பு தடுக்கி விழுந்துட்டாங்க. பெரியவங்க வீட்ல எதெல்லாம் தடுக்கும்னு பாத்து எழுதறதும் அவங்க வேலையாம். அதை முதல்ல எழுதிக்கிட்டாங்க. கணுக்கால் பிசகிடுச்சு. நொண்டிக்கிட்டே வந்து உங்க தம்பி நாற்காலியில உக்காரப் போனாங்க. நான் பழக்கதோஷத்துல, "அய்யோ அதுல வேண்டாம்மா, அது அவரோடது, வேற யாராவது உக்காந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சுப்பார்"னு சொல்லிட்டேன். அவங்க என்னைப் பாத்தாங்க. நாற்காலியைப் பாத்தாங்க. எழுதினாங்க.

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"காலமாயிட்டார்மா."

"எப்போ?"

"மழை தொடங்கறதுக்கு முன்னாடி."

"கடைசியா அவரை எப்போ திட்டினீங்க?"

"இன்னைக்குக் காலையில."

பொய் சொல்லி எனக்குப் பழக்கம் இல்ல அண்ணி. அவங்க பேனாவை மூடிட்டு, "அம்மா, இன்னைக்கு என்ன கிழமை?"ன்னு கேட்டாங்க. வியாழன்னேன். "இது எத்தனாவது மாடி?"ன்னாங்க. "நீங்கதானே ஏறி வந்தீங்க, உங்களுக்குத் தெரியாதா"ன்னு நிஜமாவே சந்தேகத்துலதான் கேட்டேன். அதையும் எழுதிக்கிட்டாங்க. அப்புறம் இல்லாத ஆளை இல்லன்னு காட்டச் சொல்றாங்க. எப்படிக் காட்டறது? இருந்தா இதோன்னு காட்டலாம். இறப்புச் சான்றிதழை வீட்டுப் பத்திரத்துக்காகப் பையன் வாங்கிட்டுப் போயிட்டான். சுவத்துல மாட்டின போட்டோவைக் காட்டினேன். "எங்க வீட்லயும் என் வீட்டுக்காரர் போட்டோ மாட்டியிருக்கோம்மா, அவர் இப்போ ஆபீஸ் போயிருக்கார்"னாங்க. நொண்டிக்கிட்டே குளியலறை, கட்டிலுக்கு அடியில, துணி காயப்போடுற இடம் எல்லாம் பாத்தாங்க. கடைசியில பையனுக்கு போன் போட்டாங்க. அவன் சான்றிதழைப் படம் எடுத்து அனுப்பினான். இப்படித்தான் அவனுக்குத் தெரிஞ்சுது. போற போக்குல ஆபீசர் அம்மா, "உங்க மேல கொடுமைக் கேஸ் இல்லம்மா, ஆனா இறந்துபோனவரோட பேசறது கவலைப்பட வேண்டிய விஷயம். அதை நிறுத்துங்க. திரும்ப வந்து பாத்துட்டுத்தான் அறிக்கை எழுதுவேன். புத்தி தெளிவா இருக்குன்னு நான் எழுதினாத்தான் உங்க கையெழுத்துக்கு மதிப்பு"ன்னு சொல்லிட்டு, செருப்பை ஒரு தாண்டு தாண்டிப் போனாங்க.

நிறுத்திட்டேன். கையெழுத்தாச்சே அண்ணி, இந்தப் பேரை எழுதப் பழகிக்கவே நான் என்ன பாடுபட்டேன்னு உங்களுக்குத் தெரியும், நீங்கதானே கையைப் பிடிச்சு எழுத வெச்சீங்க. திட்டறதை நிறுத்தினதும் வீடு எப்படி ஆச்சுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. தண்ணி குழாயை மூடினா ஒரு சொட்டு விழுந்து நிக்குமே, அதுக்கப்புறம் இருக்கிற மாதிரி இருந்துச்சு. சமைச்சேன், தின்னேன், தட்டைக் கழுவினேன். அவர் போன அன்னைக்குக்கூட அவ்வளவு அமைதி இல்ல. அன்னைக்கு மத்தியானம் அந்த நாற்காலியில உக்காந்திருந்தார், நான் அடுக்களையில இருந்து, சாப்பிட வாங்க, எல்லாம் ஆறுதுன்னு கத்திக்கிட்டே இருந்தேன். பதில் இல்ல. எப்பவுமே பதில் இருக்காதே, எனக்கு எப்படித் தெரியும்? கொஞ்ச நேரம் கத்திட்டு அப்புறம்தான் வந்து பாத்தேன். அப்படிப் பாத்தா, அவர் போன பிறகு அவரைத் திட்டறதை நான் புதுசா ஆரம்பிக்கல அண்ணி. நிறுத்தாம இருந்தேன், அவ்வளவுதான். இது பையனுக்குச் சொன்னா புரியாது. உங்களுக்குப் புரியும்.

நிறுத்தி ஒரு வாரம்கூட ஆகல. காலையில கதவை இடிக்கிறாங்க. திறந்தா ரெண்டு போலீஸ், பின்னாடி காலுல கட்டோட ஆபீசர் அம்மா. மறுபடி புகாராம். சத்தம் திடீர்னு நின்னுடுச்சு, செருப்பு மட்டும் போட்ட இடத்துலயே கிடக்குது, அந்தப் பெரியவருக்கு ஏதோ ஆயிடுச்சு, உடனே வந்து பாருங்கன்னு. திட்டினாலும் கேஸ், திட்டலன்னாலும் கேஸ். ஆபீசர் அம்மா, "நான் சொன்னேன் சார், அப்படி ஒரு ஆளே இல்ல"ன்னு சொல்றாங்க. பெரிய போலீஸ், "புகார்னு வந்தா பாக்கணும்மா"ன்னு சொல்லிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து பாத்தார். அதுல பாதிப் பூசணிக்காயும் என் கண்ணு மருந்தும்தான் இருந்துச்சு. சின்ன போலீஸ் பரண் மேல ஏறிப் பாத்துட்டு, இறங்கி அலமாரியைத் திறந்தார். உங்க தம்பியோட பெரிய குளிர்கோட்டு ஆணியில இருந்து கழண்டு அவர் மேல சாய்ஞ்சுது. கை ரெண்டும் தோள்ல விழுந்துச்சு. அந்தப் பிள்ளை போட்ட சத்தத்துக்கு மேல் மாடியில கதவு திறந்துச்சு. நான் கோட்டை வாங்கிட்டு, மூஞ்சியப் பாத்தா, கூட்டத்துல மைக் பிடிச்ச அதே தம்பி.

"ஏம்ப்பா, நீதானே செருப்பு வைக்கச் சொன்ன?"

அவர் தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, "ஆமாம்மா, செருப்பு வைக்கச் சொன்னேன். திட்டச் சொல்லலயே"ன்னார்.

"குரல் குடுக்கச் சொன்னியே."

"குரல்னா, ஏங்க, யாரோ வந்திருக்காங்கன்னு..."

"உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?"

"இல்லம்மா."

"அதான்."

பெரிய போலீஸ் திரும்பி ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டார். அவர் தோள் குலுங்கினதை நான் பாத்தேன். ஆபீசர் அம்மா, "நிஜமாவே இதெல்லாம் நீங்க கூட்டத்துல சொன்னதா?"ன்னு கேக்க, சின்னத் தம்பி ஒவ்வொண்ணா ஒத்துக்கிட்டார். இடம் மாத்தி வைக்கச் சொன்னது, வீட்டுக்காரர்கிட்ட கேக்கறேன்னு சொல்லச் சொன்னது, யார்கிட்டயும் தனியா இருக்கேன்னு சொல்லாதீங்கன்னது, எல்லாம். "முழுசா செஞ்சது இவங்க ஒருத்தர்தான் மேடம்"னு சொல்லும்போது அந்தப் பிள்ளைக்குக் கண்ணு கலங்கினாப்ல இருந்துச்சு. கோட்டு விழுந்த பயமாக்கூட இருக்கலாம்.

அப்புறம் டிக்கெட்காரரைக் கூப்பிட்டாங்க. சுவத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தார், வேர்த்து ஊத்துது. வந்ததும் முதல் கேள்வி, "பெரியவர் எப்படி இருக்கார்?" ஆபீசர் அம்மா விஷயத்தைச் சொன்னாங்க. பாவம், அவர் நின்ன இடத்துலயே உக்காந்துட்டார். அதுவும் அந்த நாற்காலியிலதான். நான் ஒண்ணும் சொல்லல.

"இத்தனை நாளும் நான் அவருக்காக எவ்வளவு பரிதாபப்பட்டேன் தெரியுமா?"ன்னார்.

"நானும்தான்"னேன்.

ஆபீசர் அம்மா அவர் கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, "சார், உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கா? மாத்திரை போடறீங்களா?"ன்னு கேட்டாங்க. அவர் என் மூஞ்சியப் பாக்காம, தரையைப் பாத்துச் சொன்னார். "காலையில இந்தம்மா, மாத்திரையைப் போட்டீங்களா இல்லையான்னு கத்துவாங்க. நானும் எழுந்து போட்டுக்குவேன். சாயங்காலம் கத்துவாங்க, அப்பவும் போட்டுக்குவேன். சத்தம் நின்னதுல இருந்து போட்டேனா இல்லையான்னே தெரியல."

"அப்போ ஏன் சார் புகார் குடுத்தீங்க?"

"அது வேற மேடம். கொடுமை கொடுமைதான். மாத்திரை மாத்திரைதான்."

ரயில்ல இவர்கிட்ட மாட்டினவங்களை நினைச்சுப் பாத்தேன்.

கடைசியில நல்லபடியா முடிஞ்சுது அண்ணி. டிக்கெட்காரரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போய், இப்போ தேவலை. ஆபீசர் அம்மா என் எதிர்லயே அறிக்கை எழுதி எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. அம்மாவுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது, சொன்னதைச் சரியாகப் புரிந்துகொள்கிறார், தேவைக்கு அதிகமாகவே பின்பற்றுகிறார், தனியாக வாழத் தகுதி உண்டு. அப்படின்னு. மாத்திரை வேளைக்கு மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் பேரைச் சொல்லி, சாதாரணக் குரல்ல கூப்பிடலாம்னு அனுமதி. உங்க தம்பியைத் திட்டறது அடியோட நின்னாச்சு. செருப்பை உள்ள எடுத்து வெச்சுட்டேன், நேரா, ஜோடியா. எனக்குக் காது நல்லாக் கேக்குது. இத்தனை வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அடுப்பை மறந்து விட்டவ இல்ல நான். இதையெல்லாம் நீங்க பையன்கிட்ட சொல்லணும். ஞாயித்துக்கிழமை சாப்பிட வரட்டும், வக்கீல் வேண்டாம். உங்க அம்மா தன்னைத்தானே பாத்துப்பா, அவ கையெழுத்தை அவளே போடட்டும்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்.

தாங்களும் அண்ணனும் நெடுநாள் ஒருவருக்கொருவர் துணையாக, ஒருவரை ஒருவர் அதட்டிக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும். என் வணக்கத்தை அண்ணனிடம் சொல்லவும். எனக்குத் தங்கள் ஆசி வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லைத் தட்டாத,
தம்பி மனைவி

பின்குறிப்பு: இந்தத் தாளை மட்டும் தனியாக் கிழிச்சு வெச்சுக்கிட்டு மீதியைப் பையனுக்குப் படிச்சுக் காட்டுங்க. மேல கையெழுத்துப் போட்டு நிமிந்தா அடுக்களை முழுக்கப் புகை. எழுத உக்காரும்போது பால் வெச்சிருந்தேன் போலிருக்கு. பாத்திரம் அடியில ஓட்டை. நான் அடுப்பை அணைச்சுட்டு, என்னையறியாம நாற்காலி பக்கம் திரும்பி, "இங்கேயே கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்களே, கருகுற வாசனை வந்தா ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா"ன்னு கத்திட்டேன் அண்ணி. உடனே சுவத்துக்கு அந்தப் பக்கத்துல இருந்து, "எவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டு இருக்கேன், உங்களுக்குத்தாம்மா காது கேக்கல"ன்னு குரல் வந்துச்சு. கையில கரித்துணியோட அப்படியே நின்னுட்டேன். கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் எத்தனை திட்டு திட்டியிருப்பேன், இன்னைக்குத்தான் ஒண்ணுக்குப் பதில் வந்திருக்கு. பதில் வந்தா மேற்கொண்டு எப்படித் திட்டறதுன்னு எனக்குத் தெரியல. உங்களுக்கு அதுல பழக்கம் உண்டு. அடுத்த கடிதத்துல எழுதுங்க.